அரச இணையப் பாதுகாப்புத் துறை: தமிழ் இளையோர் தயங்கலாமா?

பிரித்தானியாவில் வாழும் ஈழத்தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துப் பேசும்போது மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் ஆகிய நான்கு வாசல்களே பெரும்பாலும் கண்முன் நிற்கின்றன. கணினித்துறையைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கும் வங்கி, காப்புறுதி நிறுவனம், மென்பொருள் நிறுவனம் என்பனவே காட்டப்படுகின்றன. அரச இணையப் பாதுகாப்பு என்னும் வாசல் திறந்திருப்பதைப் பலர் அறியார். அறிந்தோரிலும் பலர் அதன் முன் தயங்கி நிற்கின்றனர். பிள்ளைகளிடம் திறமைக்குக் குறைவில்லை. பாதுகாப்புப் பின்னணி விசாரணை என்ற சொல்லே பெற்றோரைப் பின்வாங்க வைக்கின்றது.

இத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1983 ஆடிக் கலவரத்தின்போது வாக்காளர் பட்டியல்களைக் கையில் ஏந்தி வந்தவர்கள் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி அழித்தனர். 1979 இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டோர் பலர். சுற்றிவளைப்புகளில், முகத்தை மூடிய தலையாட்டியின் முன் ஊரே வரிசையாக நிறுத்தப்பட்டது. இலண்டனுக்கு வந்த பின்னரும், 2001 இல் விடுதலைப் புலிகள் இயக்கம் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டதும், 2009 இல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் நடந்த போராட்டமும், தம் பெயரும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தைப் பலர் மனத்தில் விதைத்தன. அத்தகையோரின் பிள்ளை அரசின் பாதுகாப்புத் துறைக்கு விண்ணப்பிப்பதா என்ற கேள்வி இயல்பானதே. எனினும், அக்கேள்விக்கு அச்சத்தால் விடையளிக்காமல் நிதானமாக ஆராய்ந்து விடையளிக்க வேண்டும்.

முதலில், இத்துறை எதனைக் காக்கின்றது என்பதை நோக்க வேண்டும். 2020 ஒக்ரோபரில் ஹக்னி நகரசபையின் கணினிகள் முடக்கப்பட்டு, மக்களுக்கான சேவைகள் பல மாதங்கள் சீர்குலைந்தன. 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகம் தாக்கப்பட்டது. கப்பம் கொடுக்க மறுத்த நூலகத்தின் நூற்பட்டியல் 2024 ஜனவரி வரை இணையத்தில் இல்லாதிருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததை மறவாத சமூகத்திற்கு இவ்விழப்பின் தன்மையை விளக்கத் தேவையில்லை. 2024 ஜூனில் இலண்டன் மருத்துவமனைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொடுக்கும் சின்னோவிஸ் நிறுவனம் தாக்கப்பட்டபோது, கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலும் கைஸ், புனித தோமஸ் மருத்துவமனைகளிலும் 10,000 இற்கும் மேற்பட்ட வெளிநோயாளர் சந்திப்புகளும் 1,700 இற்கும் மேற்பட்ட சிகிச்சைகளும் பிற்போடப்பட்டன. அந்நாட்களில் உயிரிழந்த நோயாளி ஒருவரின் மரணத்திற்கு, பரிசோதனை முடிவு தாமதமானதும் ஒரு காரணம் என 2025 இல் உறுதிப்படுத்தப்பட்டது. அம்மருத்துவமனைகளில் தமிழ் மருத்துவர்களும் தாதியரும் பணிபுரிகின்றனர். தமிழ் முதியோரும் சிகிச்சை பெறுகின்றனர்.

இக்கணினிகளைக் காக்கப் போதிய ஆட்கள் இல்லை. 2025 ஜனவரியில் தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-24 இல் அரசின் இணையப் பாதுகாப்புப் பணியிடங்களில் மூன்றில் ஒன்று வெற்றிடமாகவோ தற்காலிக ஊழியரால் நிரப்பப்பட்டதாகவோ இருந்தது. செயற்கை நுண்ணறிவு தாக்குதல்களின் எண்ணிக்கையையும் பாதிப்பையும் அதிகரிக்கும் என்பது ஏறத்தாழ உறுதி என்று தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2024 ஜனவரியிலேயே எச்சரித்தது. முன்பு மோசடி மின்னஞ்சலை அதன் பிழையான ஆங்கிலமே காட்டிக்கொடுக்கும். இன்று நல்ல தமிழிலேயே மோசடிக் கடிதம் எழுதவும், பிள்ளையின் குரலைப் போல் பேசித் தாயிடம் பணம் கேட்கவும் இயந்திரத்தால் முடிகின்றது.

மாணவர்க்கான பாதையும் புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹொலவே கல்லூரி 1992 இலேயே தகவற் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அக்கல்லூரியும் இம்பீரியல் கல்லூரி, கிங்ஸ் கல்லூரி, யூ.சி.எல். ஆகியனவும் இணையப் பாதுகாப்பு ஆய்வுக்கான சிறப்பு மையங்களாக ஏற்கப்பட்டவை. 2016 இல் தொடங்கப்பட்ட சைபர்ஃபேர்ஸ்ட் திட்டம், தெரிவுசெய்யப்பட்ட பட்டப்படிப்பு மாணவர்க்கு ஆண்டுக்கு 4,000 பவுண்டு உதவித்தொகையும் கோடைகாலத்தில் ஊதியத்துடன் கூடிய பயிற்சியும் வழங்கியது. அதன் அடித்தளத்தின் மீது, 187 மில்லியன் பவுண்டு செலவிலான டெக்ஃபேர்ஸ்ட் திட்டத்தை அரசு 2025 ஜூனில் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளைச் சோதிக்க 2023 இல் தொடங்கப்பட்ட அரச நிறுவனம், 2025 பெப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு நிறுவனம் எனப் பெயர்மாற்றம் பெற்றது. இவற்றிற்குக் கணிதமும் நிரலாக்கமும் அறிந்த இளையோர் தேவைப்படுகின்றனர்.

ஆயினும், தமிழ் இளையோர் இத்துறைக்குச் செல்லவேண்டும் என்பதற்கு வேலைவாய்ப்பை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு வலையமைப்பில் வழக்கமாக நடப்பது எது என்பதைச் செயற்கை நுண்ணறிவு பெருந்தொகைத் தரவுகளிலிருந்து கற்றுக்கொள்கின்றது. அவ்வழக்கத்திலிருந்து விலகுவதைச் சந்தேகத்திற்குரியது எனச் சுட்டுகின்றது. நள்ளிரவில் நுழைந்தவர் யார், வழமைக்கு மாறான நாட்டிலிருந்து தொடர்புகொண்டவர் யார், திடீரெனப் பெருந்தொகைக் கோப்புகளை எடுத்தவர் யார் என்று அது பார்க்கும். அது சுட்டுபவற்றில் சில உண்மையான ஊடுருவல்கள். வேறு சில, யாழ்ப்பாணத்தில் தாயைப் பார்க்கச் சென்ற ஊழியர் அங்கிருந்து தம் மின்னஞ்சலைத் திறந்தமை போன்ற சாதாரண நிகழ்வுகள். ஏன் சுட்டினாய் என்று கேட்டால், பல வேளைகளில் அவ்வியந்திரத்திடம் தெளிவான விடை இராது. தலையாட்டியும் காரணம் கூறியதில்லை. அவன் தலை அசைந்தது. ஒரு மனிதன் வாகனத்தில் ஏற்றப்பட்டான்.

இயந்திரத்தை மனிதர் கேள்வி கேட்கத் தவறினால் என்ன நிகழும் என்பதைப் பிரித்தானியா அனுபவித்தே அறிந்துள்ளது. 1999 முதல் 2015 வரையான காலத்தில், ஹொறைசன் என்னும் கணக்குப்பதிவு மென்பொருள் காட்டிய பொய்யான பற்றாக்குறைகளின் காரணமாக 900 இற்கும் மேற்பட்ட உப தபாலகப் பொறுப்பாளர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர். தெற்காசிய வம்சாவளியினர் பலரும் அவர்களுள் அடங்குவர். கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்ற அனுமானம் நேர்மையான மனிதர்களைச் சிறைக்கு அனுப்பியது. அத்தீர்ப்புகளை மொத்தமாக நீக்க 2024 இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. தவறான சந்தேகம் ஒரு குடும்பத்திற்கு என்ன செய்யும் என்பதை வீட்டுக் கதைகளிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை, திரையில் தோன்றும் எச்சரிக்கையைக் கண்மூடி நம்பாது. இத்துறைக்கு அவ்வறிவு பெரும் தேவை.

மொழியறிவும் அவ்வாறானதே. 2023 இல் பிறவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூலு போன்ற இணையத்தில் குறைவாகப் பதிவான மொழிகளில் கேட்பதன் மூலம் ஜி.பி.டி.-4 இன் பாதுகாப்புத் தடைகளை மீற முடிவதைக் காட்டினர். ஆங்கிலத்தில் பூட்டப்பட்ட கதவு வேறொரு மொழியில் திறந்து கிடக்கலாம். தமிழும் ஆங்கிலமும் அறிந்த மாணவர் அத்தகைய கதவுகளைத் தேடிக் கண்டறியக் கூடியவர். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரின் உழைப்பு இங்கும் பயன் தரும்.

ஒற்றுக் கேட்கும் அரசுக்குத் துணைபோவதா என்ற எதிர்வாதத்தையும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். ஜி.சி.எச்.கியூ. அமைப்பு மக்களின் தொடர்பாடல்களைப் பெருமளவில் இடைமறித்ததை 2013 இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். அன்றைய நடைமுறை மனித உரிமைகளை மீறியது என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. எனவே, பெற்றோரின் ஐயம் ஆதாரமற்றதன்று. ஆனால், அத்தகைய எல்லைமீறல்களைத் தடுக்க வெளியிலிருந்து போராடுவோரும் வேண்டும். உள்ளிருந்து இல்லை என்று சொல்லக்கூடியோரும் வேண்டும். அன்றியும், மருத்துவமனை, நகரசபை, போக்குவரத்து, வரித்திணைக்களம் ஆகியவற்றைக் காக்கும் பணிகளில் பெரும்பாலானவை உளவுத்துறையோடு தொடர்பற்றவை. எப்பணியை ஏற்பது, எதனை மறுப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மாணவருக்கே உரியது.

பின்னணி விசாரணை பற்றியும் சில தெளிவுகள் தேவை. வழக்கமான பாதுகாப்புச் சோதனைக்குப் பொதுவாக 5 ஆண்டுகளும், மிக உயர்ந்த நிலைக்குப் பொதுவாக 10 ஆண்டுகளும் பிரித்தானியாவில் வாழ்ந்திருத்தல் எதிர்பார்க்கப்படுகின்றது. ஜி.சி.எச்.கியூ. பணிக்குப் பிரித்தானியக் குடியுரிமை அவசியம்; இரட்டைக் குடியுரிமை தடையன்று. பெற்றோர் அகதிகளாக வந்ததோ, உறவினர் தாயகத்தில் வாழ்வதோ தன்னளவில் தகுதியின்மை ஆகாது. குடும்பம், பயணம், பணம், தொடர்புகள் குறித்த கேள்விகளுக்கு உண்மையை முழுமையாகக் கூறுவதே முக்கியம். மறைக்கப்பட்டது பின்னர் தெரியவந்தால் அதுவே பெருந்தடை. பிள்ளையைக் காப்பதாக எண்ணிக் குடும்ப வரலாற்றை அதனிடமே மறைக்கும் பெற்றோர், அறியாமலேயே அதன் வழியை அடைத்துவிடுகின்றனர். அத்தோடு, உளவு அமைப்புகளுக்கு விண்ணப்பித்ததை வெளியே சொல்லக்கூடாது. கோயில் திருவிழாவில் உறவினரிடம் சொல்லிப் பெருமைகொள்ள முடியாத வேலை அது; தமிழ்ப் பெற்றோருக்கு இந்நிபந்தனையே கடினமானதாகலாம்.

இத்துறையில் இனிப்பு மட்டும் இல்லை. அரச ஊதியம் வங்கிகள் தருவதற்கு ஈடாகாது. ஆட்பற்றாக்குறைக்கு அதுவும் ஒரு காரணம் என மேற்கூறிய கணக்காய்வு அறிக்கையே சுட்டியது. உதவித்தொகையின் நிபந்தனைகளையும் வாசித்தே கையொப்பமிட வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய உதவித்தொகை பெறுவோர் படித்து முடித்ததும் அரசுக்குப் பணியாற்ற வேண்டும். தவறினால் அத்தொகை கடனாக மாறும். 2025 இல் அங்கு அரசு ஆட்சேர்ப்பை நிறுத்தியபோது, பட்டம் பெற்றும் பணி கிடைக்காமல் பலர் கலங்கி நின்றனர்.

தமிழ் அமைப்புகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுவிழா மேடையில் ஒரு மணிநேரத்தையாவது இதற்கு ஒதுக்கலாம். இத்துறையில் பணிபுரியும் தமிழர், சொல்லக்கூடிய அளவில் தம் அனுபவத்தை இளையோருக்குச் சொல்லலாம். பதினாறு, பதினேழு வயதில் கணிதத்தையும் கணினியியலையும் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு இவ்வழி உண்டு என்பதைப் பெற்றோர் அறியத் தரலாம். பட்டியல்களைத் தயாரிக்கும் அறையில் தமிழர் எவரும் இருக்கவில்லை என்பதன் விலையை ஒரு தலைமுறை செலுத்திவிட்டது. இயந்திரங்கள் பட்டியலிடத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அவ்வறையின் கதவைத் தட்ட அடுத்த தலைமுறை தயங்கத் தேவையில்லை.