வெறி அல்ல, தும்மல்தான்!

இரவு 10 மணி. எல்லோரும் படுக்கப் போகும் நேரம்.

திடீரென்று எங்கள் நாய் மணி எழுந்து நின்றது. கழுத்தை நீட்டியது. முன்கால்களை அகட்டி வைத்துக்கொண்டது. கண்கள் பிதுங்கின. "கொர்... கொர்... கொர்..." என்று மூக்கால் மூச்சை இழுத்தது. நிறுத்தவே இல்லை.

"ஐயோ! தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது!" என்று என் மனைவி அலறினாள். "வாயில் தண்ணீர் ஊற்றுங்கள்" என்றார் என் தாயார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் பயங்கரம்.

"சார், இது வெறி! கிட்டே போகாதீர்கள். அடித்துத் துரத்துங்கள்!" என்றார். கையில் தடியும் எடுத்துவிட்டார்.

அரை நிமிடம் ஆயிற்று. மணி ஒரு முறை எச்சிலை விழுங்கியது. மூக்கை நக்கியது. வாலை ஆட்டிக்கொண்டு என் காலடியில் படுத்துவிட்டது!

நடந்தது என்ன?

மறுநாள் கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் சிரித்தார்.

"இது ஒரு வகைத் தும்மல். தும்மினால் காற்று வெளியே பாயும். இதில் காற்று உள்ளே பாய்கிறது. அவ்வளவுதான்" என்றார். ஆங்கிலத்தில் இதற்கு 'ரிவர்ஸ் ஸ்னீசிங்' என்று பெயர்.

மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் ஏதாவது உறுத்தினால் இப்படி வரும். தூசி, புகை, செண்டு வாசனை, எதுவும் போதும். அவசரமாகத் தண்ணீர் குடித்தாலும் வரும். கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று இழுத்தாலும் வரும். அன்று வெள்ளிக்கிழமை. வீடு முழுவதும் சாம்பிராணி போட்டிருந்தோம்!

சப்பை மூஞ்சி 'பக்' நாய்களுக்கு இது அடிக்கடி வரும். 2003-ம் ஆண்டில் வந்த ஒரு செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு, இந்த நாயைப் பலர் ஆசையாக வாங்கினார்கள். அழகான நாய்தான். ஆனால் மூஞ்சியைக் குட்டையாக்கிய மனிதன், உள்ளே இருக்கும் சதையைக் குறைக்கவில்லையே!

என்ன செய்யலாம்?

பதறக்கூடாது. நாம் கத்தினால் நாய் மிரளும். பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையை வெளிப்பக்கமாக மெல்லத் தடவிக் கொடுக்கலாம். புகை இருந்தால் ஜன்னலைத் திறக்கலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும்.

தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

நாக்கு நீலமானாலோ, நாய் மயங்கினாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடவேண்டும். தினமும் பல முறை வந்தாலும் காட்டவேண்டும். டாக்டர் முன்னால் நாய் சாதுவாக நிற்கும்! ஆகவே, வரும்போதே செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

தடி எடுத்தவர்

பக்கத்து வீட்டுக்காரர் மீது என் மனைவிக்குக் கோபம். எனக்கு இல்லை.

வெறிநோய் கண்ட நாய்க்குத் தொண்டை செயல் இழக்கும். விழுங்க முடியாது. எச்சில் ஒழுகும். பார்த்தால் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். எலும்பை எடுக்கிறேன் என்று வாய்க்குள் கையை விட்டால் ஆபத்து. கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலே போதும். அந்த நோயின் அறிகுறி தோன்றிவிட்டால், மனிதன் பிழைப்பது அநேகமாக இல்லை. பயப்படாமல் என்ன செய்வார்?

தும்மிய நாய் அடுத்த நிமிடமே சோறு தின்னும், விளையாடும். வெறி கண்ட நாய் அப்படித் தேறாது. நாளுக்கு நாள் மோசமாகும். இந்த வேறுபாடு அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றுவரை தெரியாது.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். மணிக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வருகிறேன். அதை அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊசி போட்ட அட்டை பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. நாய் வளர்ப்பவன் நான். சொல்லவேண்டியதும் நான்தான். அன்று மணி அடிபட்டிருந்தால் பாதிக் குற்றம் என்னுடையது.

அன்று மாலையே அட்டையை எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதை முதலிலேயே சொல்லக்கூடாதா சார்?" என்றார்.