பயோ படிக்கும் மகளுக்குக் கணக்கு எதற்கு?



சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் கிண்ணியா, மூதூர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "பிள்ளை பயோ செய்யட்டும், டொக்டராகட்டும்." பிள்ளையிடம் கேட்பார் இல்லை. கூடவே இன்னொரு பேச்சும் வரும்: "பயோ எடுத்தால் கணக்குத் தொல்லை விட்டது." இம்மாதம் இந்த இரண்டாவது பேச்சைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வேண்டும்.

உங்களில் 1990களில் உயர்தரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது நான்கு பாடங்கள். தாவரவியல் வேறு, விலங்கியல் வேறு; தூய கணிதம் வேறு, பிரயோக கணிதம் வேறு. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையோடு அவை மூன்றாயின. உயிரியலும் இணைந்த கணிதமும் இரு துறைகளாகப் பிரிந்து நிற்பதால், ஒன்றுக்கு மற்றது தேவையில்லை என்று நாம் எண்ணிவிட்டோம்.

தலசீமியா நோயைப் பாருங்கள். தாயும் தகப்பனும் நோயில்லாதவர்கள், ஆனால் இருவரும் அதன் காவிகள். பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. "மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை" என்று சொல்லும் உம்மாமார் உண்டு. அது பிழை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நாலில் ஒன்றுதான். முதல் பிள்ளை அதை மாற்றுவதில்லை. மாமி மகன், மாமா மகள் என்று சொந்தத்தில் முடிக்கும் குடும்பங்களில் இதைத் தெரிந்த ஒரு பெண் இருப்பது பெரிய காரியம். இது உயிரியலா, கணக்கா?

வாப்பா மௌத்தான வீட்டில் சொத்துப் பிரிக்கும்போதும் பின்னம் தெரிந்த ஆளைத்தானே தேடுகிறோம்! ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அட்சரகணித நூலில் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள்தாம்.

இனிப் பல்கலைக்கழகம். வைத்தியத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலில் கணக்கு வருகிறதே என்று பயந்து வேறு பாடத்துக்கு மாறும் பிள்ளை, வைத்தியக் கதவைத் தானே சாத்துகிறாள். அந்த மூன்றையும் எடுத்தாலும் இடம் கிடைப்பது சிலருக்குத்தான். விஞ்ஞானத் துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் உண்டு. அப்படியிருந்தும் பலர் வெளியேதான்.

வெளியே நின்றால் அழ வேண்டியதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் 1981இலிருந்து நடக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. விலங்கியல், தாவரவியல், இரசாயனவியல் என்று படித்து விஞ்ஞானமானியாகலாம். அங்கேயும் பரிசோதனை முடிவுகளை அளக்கப் புள்ளிவிபரவியல் வரும். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் அதற்கும் இப்போதே தயாராக வேண்டும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறி டவுனுக்குப் படிக்கப் போன பெண்கள் நம்மிடையே உண்டு. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் மௌத்தானதை மறக்க முடியுமா? இவ்வளவு பயத்தைத் தாங்கி அனுப்பும் உம்மா, பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்றும் ஒரு நாள் கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் இரவில் பக்கத்தில் இருந்து, வைத்தியத்துக்குக் கீழே உள்ள துறைகளையும் அவளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.