பட்டாளத்திலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்கு!
ஓய்வுக்கு முன்பே தயாராவது எப்படி?

"பாளையம்" என்றால் படை தங்கும் இடம். ராஜபாளையத்தின் பெயரிலேயே பட்டாளம் இருக்கிறது. விஜயநகர அரசர்களின் படையோடு தெற்கே வந்தவர்களே இங்குள்ள ராஜுக்களின் முன்னோர் என்று ஊர் வரலாறு கூறுகிறது.

வாளைக் கீழே வைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பருத்திப் பக்கம் திரும்பினார்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கு நூற்பாலை தொடங்கினார். அவர் வளர்த்த ராம்கோ குழுமத்திலிருந்து 1997-ல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி தனியாகப் பிரிந்தது.

படையிலிருந்து பஞ்சுக்கும், பஞ்சிலிருந்து கம்ப்யூட்டருக்கும் ஓர் ஊரே மாறியிருக்கிறது. பட்டாளத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவர் அப்படி மாற முடியாதா?

முடியும். ஆனால், ஓய்வு பெற்ற பிறகு யோசித்தால் சிரமம். முன்பே தயாராக வேண்டும்.

40 வயதில் ஓய்வு

சாதாரண சிப்பாய் 40 வயதை ஒட்டி வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வீட்டுக் கடன் இருக்கும். பென்ஷன் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது.

ஆகவே, பலர் மில் வாசலிலும் பாங்கி வாசலிலும் காவலுக்கு நிற்கிறார்கள். காவல் வேலை இழிவானது அல்ல. ஆனால் ஒரு படைப்பிரிவின் கம்ப்யூட்டர்களை இரவு பகலாக ஓட வைத்தவரும் அதே வாசலில் நின்றால், நஷ்டம் அவருக்கு மட்டுமா? நாட்டுக்கும்தான்!

இனி வேறொரு கூட்டமும் திரும்பும். 2022-ல் அக்னிபத் திட்டம் வந்தது. இதில் சேருகிறவர்களுக்கு 4 ஆண்டு வேலை. 100 பேரில் 25 பேர் வரைதான் நிரந்தரம் ஆகலாம். மற்றவர்கள் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது.

நிர்வாகம் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் வேலை என்றால் புரோகிராம் எழுதுவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

நள்ளிரவில் ஒரு பாங்கியின் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். யாரை எழுப்புவது? எதை முதலில் சரிசெய்வது? மேலே எப்போது தகவல் சொல்வது? நடந்ததை எப்படிக் குறித்து வைப்பது? இதுதான் ஐ.டி. நிர்வாகம்.

ஒரு ஹவில்தாருக்கு இது புதிதா? ஆட்களுக்கு முறை போடுவதும், சாமான் கணக்கு வைப்பதும், ஆபத்தில் பதறாமல் வேலை வாங்குவதும் அவர் தினமும் செய்ததுதானே!

குறை எங்கே?

இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, சான்றிதழ். மற்றொன்று, பேச்சு.

அமெரிக்காவில் உள்ள ஒரு நிறுவனம் நடத்தும் பி.எம்.பி. பரீட்சை, வேலைத்திட்டங்களை நடத்தத் தெரிந்தவர்களுக்கானது. பட்டம் பெற்றவருக்கு 3 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பட்டம் இல்லாதவருக்கு 5 ஆண்டு. 35 மணி நேரப் படிப்பும் வேண்டும். பட்டாளத்தில் வேலைகளை முன்நின்று நடத்தியவர், அதைத் தேதிவாரியாகக் குறித்து வைக்க வேண்டும். ராணுவ ரகசியம் எதுவும் அதில் வரக்கூடாது.

பேச்சும் மாற வேண்டும். பட்டாளத்தில் உத்தரவு போட்டால் வேலை நடக்கும். கம்பெனியில் காரணம் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும். 25 வயதுப் பையன் மேலதிகாரியாக இருக்கலாம். முதலில் சிறிய வேலைதான் கிடைக்கலாம். அதில் மனம் கோணக்கூடாது.

எங்கே படிப்பது?

ராணுவ அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் இருக்கிறது. ஓய்வு நெருங்குகிறவர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வது அதன் வேலைகளில் ஒன்று. சிப்பாய்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கிறது. ஆபீசர்களுக்கு 100 ரூபாயில் 60 ரூபாயை அரசு கொடுக்கிறது.

வீட்டிலிருந்தும் படிக்கலாம். மத்திய அரசின் 'ஸ்வயம்' 2017 முதல் இன்டர்நெட்டில் இலவசமாகப் பாடம் நடத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் இன்டர்நெட் வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது. பக்கத்திலேயே கல்லூரிகளும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்குத் தமிழக அரசின் 'காக்கும் கரங்கள்' திட்டம் உண்டு. 2024-ல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை கடன் பெறலாம். அதில் 30 சதவீதம் மானியம்.

வீட்டார் செய்ய வேண்டியது

எல்லையில் நிற்பவர் ஆபீசு ஆபீசாக அலைய முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மனைவி அலையலாம். ராஜபாளையத்தில் இருக்கும் தம்பி அலையலாம். பள்ளிச் சான்றிதழ்களைத் தேடி ஒரே கோப்பில் வைக்கலாம். விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். கல்லூரியில் எப்போது சேர்க்கை என்று கேட்டு எழுதலாம்.

லீவில் வரும்போது ஊர்க்கதையோடு இந்தக் கணக்கையும் பேச வேண்டும். ஓய்வுக்கு 2 ஆண்டு இருக்கும்போதே பேசினால், படிக்க நேரம் கிடைக்கும். பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய பிறகு பேசினால், முதலில் கிடைத்த வேலைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.