நியூட்ரல் ஸ்விட்ச் போச்சா? ‘டைரக்ட்’ பண்ண விடாதீங்க!

10 வருஷம் ஓடின பைக். நியூட்ரல் போட்டும் பச்சை லைட் எரியலைன்னா, பல ஒர்க்‌ஷாப்களில் கிடைக்கும் பதில்: “டைரக்ட் பண்ணிடலாம் சார்.” அதாவது, ஸ்விட்ச் ஒயரை நேராக எஞ்சின் பாடியில் எர்த் கொடுத்துவிடுவது. செலவே இல்லை. ஆனால், இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

அந்த ஸ்விட்ச் வெறும் லைட்டுக்கானது என்றால் பரவாயில்லை. பல மாடல்களில் கிளட்ச் பிடிக்காமல் செல்ஃப் எடுக்கலாமா என்று முடிவு செய்வதே அதுதான். டைரக்ட் பண்ணிட்டா, எந்த கியரில் நின்றாலும் வண்டிக்கு அது நியூட்ரல்தான். ஃபர்ஸ்ட் கியரில் நிறுத்தியதை மறந்து பட்டனை அழுத்தினால், பைக் முன்னால் பாயும். டேங்க் மேல குழந்தை உட்கார்ந்திருந்தா?

சரி, ஸ்விட்ச்தான் காரணமா? பெரும்பாலும் இது இடது பக்கம், செயின் ஸ்ப்ராக்கெட் கவருக்கு உள்ளே இருக்கும். மண்ணும் ஆயிலும் அப்பிக் கிடக்கிற இடம். முதலில் துடைத்து, ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, சாவியை ஆன் செய்து, ஒயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொட வேண்டும். லைட் எரிந்தால் பல்பும் ஒயரிங்கும் ஓகே, மாற்ற வேண்டியது ஸ்விட்ச். எரியலைன்னா பல்ப், ஃபியூஸ், ஒயரிங் பக்கம் போகணும். ஸ்விட்ச் மாற்றும்போது ரப்பர் சீலும் புதுசா போடச் சொல்லுங்கள், இல்லைன்னா ஆயில் கசியும்.

செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கப் போறீங்களா? கியர் போட்டதும் பச்சை லைட் அணைகிறதா என்று பாருங்கள். அணையலைன்னா, கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.