இதயம் தடித்தது எதனால்?

அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948 இல் தொடங்கிய இதய ஆராய்ச்சியிற் சேர்ந்த 5,209 பேரில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையரே. அவர்களை அளந்த கோலே அனைவருக்கும் அளவுகோலாயிற்று! சிக்காகோ நகரக் கறுப்பின நோயாளரை ஆராய்ந்து 1995 இல் வெளியிட்ட முடிவு யாது? முடியுருநாடி அடைப்பினும் இடது இதயவறைத் தசையின் தடிப்பே அவர்தம் மரணத்தோடு கூடுதலாகத் தொடர்புற்றிருந்தது.

“அது அவர்கள் இனத்தின் குணம்” என்பார் உளர். நாம் கேட்கிறோம்: ஆண்டுக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்த இரத்த அமுக்கம் எந்த இனத்தின் குணம்? துலா மிதிப்பவனின் கால் திரள்வதுபோல, அமுக்கத்தை எதிர்த்து உழைக்கும் இதயமும் திரள்கிறது. ஆனால், காலுக்கு அது வலிமை, இதயத்துக்கோ கேடு. தடித்த தசை கூடிய குருதியைக் கேட்கிறது; அடைபட்ட நாடி எங்ஙனம் கொடுக்கும்?

அமுக்கத்தை மருந்தினால் தணித்தால் தடிப்பும் குறையும். இதனை அறிந்தபின்னும் இனத்தின்மேற் பழிபோட்டுக் கைகழுவுவது வைத்தியமா?