பரளச்சிக்குக் கீழே

இராமநாதபுரம் ஜில்லாவில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு அளிக்கப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை வாபஸ் பெறுமாறு 2025-ம் வருஷம் ராஜ்ய சர்க்கார் பணித்தது. ஜனங்களின் எதிர்ப்புக்குக் கிடைத்த பலன் அது, வரவேற்கிறோம். ஆயினும் விஷயம் அத்துடன் தீர்ந்ததென்று நாம் கருதவில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கம் கண்ணுக்குப் புலப்படும் கடும்பாறை, பரளச்சி வழியே கிழக்கே செல்லச் செல்ல வண்டலுக்கடியில் ஆழ்ந்துவிடுகிறது. மேடும் பள்ளமுமாய்ப் புதைந்த அப்பாறையின் வடிவை அறிந்தாலன்றி எண்ணெய் தங்குமிடத்தை ஊகித்தல் அரிது. ஆகவே பூகர்ப்ப சாஸ்திரிகள் துளையிட்டு வெடி வைத்து, அதிர்வலை பாறையில் மோதித் திரும்பும் நேரத்தை அளந்து படம் வரைகின்றனர். காவேரிப் படுகையின் முதல் ஆழ்ந்த சோதனைக் கிணறு 1964-ல் தோண்டப்பட்டது. அன்று முதல் சேர்ந்த படங்களுட் பல ஜனங்களின் பணத்தில் விளைந்தவை.

நிலத்தடி எண்ணெய் சர்க்காருடையதென்பது சட்டம். அதை நாம் மறுக்கவில்லை. துளைக்கருவி முதலில் கடப்பது குடியானவனின் ஊற்றையல்லவா? 2020-ம் வருஷத்து வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவைக் காத்தது. இக்கரிசற் சீமையைச் சேர்க்கவில்லை. வானம் பார்த்த பூமி பூமியன்று போலும்!

இனி எவ்விடத்தும் கிணறு தோண்டுமுன், அவ்விடத்துப் பாறைப் படமும் நீர்மட்டக் கணக்கும் தமிழில் கிராம சபையின்முன் வைக்கப்படவேண்டும். இதைச் சட்டமாகவே கேட்கிறோம்.