ராபர்ட் ஹோம்ஸின் முதல் பதினோராண்டுகள்

தொலைக்காட்சிக்கு எழுதுபவரை எழுத்தாளர் என்று ஒப்புக்கொள்வதில் இலக்கியம் பயின்றோர்க்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. அவர் பெயர் திரையில் சில நொடிகள் நின்று மறைகிறது; மறுநாள் வேறொருவர் பெயர் அதே இடத்தில் வருகிறது. அப்படி மறைந்துபோன பெயர்களை ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பொறுக்கி, இன்ன எழுத்தாளர் இன்ன தொடரில் இன்ன பகுதியை எழுதினார் என்று பட்டியலிடும் ரசிகர்களைக் கண்டு நகைப்போரும் உளர். தபால்தலை சேர்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறார்கள். வேறுபாடு உண்டு என்பதே நம் கட்சி. ரசிகர்கள் பக்கம் நின்றே பேசுகிறோம்; ஆனால் அவர்களிடமும் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் 1963 நவம்பரில் தொடங்கி 1989 வரை தொடர்ந்து ஒளிபரப்பி, 2005-இல் மீண்டும் உயிர்ப்பித்த 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரை வாசகர்கள் சிலரேனும் அறிந்திருப்பர். அத்தொடருக்கு எழுதியோருள் தலையாயவர் யார் என்று அதன் பழைய ரசிகர்களைக் கேட்டால் பலர் வாயிலும் முதலில் வருகிற பெயர் ராபர்ட் ஹோம்ஸ். 1926-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் இருந்தவர். பின்னர் லண்டன் காவல்துறையில் பணிபுரிந்தவர். அதை விட்டுப் பத்திரிகைக்குப் போனவர். 1986 மே மாதம் இறந்தபோதும் அத்தொடருக்கான ஒரு கதையை முடிக்காமல் விட்டுச் சென்றார். அவர் எழுதிய முதல் 'டாக்டர் ஹூ' கதையான 'தி க்ரோட்டன்ஸ்' 1968 டிசம்பர் 28 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் திடீரென்று எழுத்தாளராக முளைப்பதில்லை. அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

இந்த எளிய கேள்விதான் ரசிகர்களைப் பல ஆண்டுகள் அலைய வைத்தது. விடை சிறுகச் சிறுகத்தான் கிடைத்தது. 1957-இல் தொடங்கிய 'எமர்ஜென்சி வார்ட் 10' என்ற மருத்துவமனைத் தொடர்தான் அவருடைய தொலைக்காட்சி வாழ்வின் தொடக்கம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. 1959 முதல் 'நைட் எர்ரண்ட்' என்ற சாகசத் தொடருக்கு எழுதினார். அதிலேயே கதைகளைச் செப்பனிடும் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். அறுபதுகளில் 'டாக்டர் ஃபின்லேஸ் கேஸ்புக்', தனியார் துப்பறிவாளர் ஒருவரைப் பற்றிய 'பப்ளிக் ஐ', 1965-இல் பதினொரு பகுதிகளோடு முடிந்த 'அண்டர்மைண்ட்' ஆகியவற்றுக்கு எழுதினார். கடைசியாகச் சொன்ன தொடரின் இறுதி இரு பகுதிகள் அவருடையவை.

சொல்லும்போது ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. தேடியவர்களுக்கு அப்படி முடியவில்லை. அந்நாளைய தொலைக்காட்சி நிகழ்ச்சி, நாடக மேடையைப் போல, நிகழ்ந்தவுடன் தீர்ந்துபோவதாகக் கருதப்பட்டது. பல நிகழ்ச்சிகள் நேரலையாகச் சென்று பதிவே ஆகவில்லை. பதிவானவற்றிலும் நாடா விலை மிகுந்த பொருள் என்பதால் பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தார்கள். 'எமர்ஜென்சி வார்ட் 10' தொடரின் பெரும்பகுதி இன்று இல்லை. 'பப்ளிக் ஐ' தொடரின் முதல் மூன்று பருவங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க பகுதிகளே மிஞ்சின. ஆகவே திரையில் ஓடிய பெயரைத் திரையில் பார்த்து உறுதிசெய்ய வழியில்லை. காகிதத்தில் தேட வேண்டும்.

காகிதமும் ஒரே இடத்தில் இல்லை. பிபிசியின் நிகழ்ச்சிகளுக்கு 'ரேடியோ டைம்ஸ்' வார இதழ் இருந்தது. 1923 முதல் 2009 வரையிலான அதன் நிகழ்ச்சிப் பட்டியல்களை 2014-இல் இணையத்தில் ஏற்றினார்கள். அதுவரை நூலகங்களில் கட்டுக்கட்டாகப் புரட்டியவர்களின் உழைப்பு அதன்பின் சற்றுக் குறைந்தது. ஐடிவியின் கதை வேறு. அது வட்டாரம்தோறும் தனித்தனி நிறுவனங்களின் கூட்டு. ஒரே தொடர் லண்டனில் ஒரு நாளும் வடக்கே வேறொரு நாளும் ஒளிபரப்பாகும். பட்டியல் இதழும் வட்டாரத்துக்கு ஒரு பதிப்பாக வரும். ஹோம்ஸின் தொடக்கக் கால எழுத்தில் பெரும்பகுதி ஐடிவிக்கானது. மேலும் அந்த இதழ்கள் ஒளிபரப்புக்கு முன்னரே அச்சாகிறவை. கடைசி நேரத்தில் கதை மாறினால், அச்சில் ஒரு பெயரும் திரையில் இன்னொரு பெயருமாக நின்றுவிடும். (பெயரோ ஹோம்ஸ். அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முதலில் வந்து நிற்பவர் பேக்கர் தெரு துப்பறிவாளர்தான்! இவரும் சும்மா இருக்கவில்லை. 1977-இல் எழுதிய 'தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' கதையில் தம் நாயகருக்கு அதே வேட்டைத் தொப்பியை அணிவித்தார்.)

இதழ்களுக்கு அப்பால் ரெடிங் நகரை அடுத்த கேவர்ஷாமில் உள்ள பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழுத்தாளரோடு செய்த ஒப்பந்தம், ஏற்க இயலாது என்று அனுப்பிய கடிதம் போன்றவை அங்கே கோப்புகளில் உறங்கின. ஆண்ட்ரூ பிக்ஸ்லி போன்ற ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டியே ரசிகர் இதழ்களின் செவிவழிச் செய்திகளை வரலாறாக மாற்றினார்கள். ஹோம்ஸுக்கென்று முழு வாழ்க்கை வரலாற்று நூல், ரிச்சர்ட் மோல்ஸ்வொர்த் எழுதியது, 2013-இல்தான் வந்தது. அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்.

இவ்வளவும் எதற்கு என்றால், படைப்பைப் படிக்கும் முறையே இதனால் மாறுகிறது. 'தி க்ரோட்டன்ஸ்' கதையையே பார்ப்போம். அதை 1968-இன் படைப்பு என்று கொண்டு, பின்னாளைய ஹோம்ஸோடு ஒப்பிட்டுக் குறைசொல்வோர் உண்டு. ஆனால் அதன் விதை 1965-இல் 'தி ட்ராப்' என்ற பெயரில், 'டாக்டர் ஹூ'வோடு தொடர்பில்லாத தனிக்கதையாகப் பிபிசிக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஏற்கவில்லை, 'டாக்டர் ஹூ' குழுவுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். அனுப்பினார். அக்குழுவின் கோப்புகளுக்குள் அது முடங்கியது. மூன்றாண்டு கழித்து, ஸ்கிரிப்ட் எடிட்டருக்கு உதவியாளராக வந்த டெரன்ஸ் டிக்ஸ் பழைய கோப்புகளைக் கிளறியபோது கண்டெடுத்து, ஹோம்ஸை அழைத்துத் திருத்தச் சொன்னார். வேறொரு கதை கைவிடப்பட்ட நெருக்கடியில் இது அதன் இடத்தில் அமர்ந்தது. எழுதிய காலம் வேறு, ஒளிபரப்பிய காலம் வேறு. இதை அறியாமல் வளர்ச்சி என்றும் தேய்வு என்றும் பேசுவது காற்றில் கோடு கிழிப்பதாகும்.

இன்னொரு சான்று இதைவிட இனியது. 1966-இல் 'இன்வேஷன்' என்ற சிறு முதலீட்டுத் திரைப்படம் வந்தது. கதை ஹோம்ஸ், திரைக்கதை 'பப்ளிக் ஐ'யை உருவாக்கியோருள் ஒருவரான ரோஜர் மார்ஷல். வேற்றுலகத்தான் ஒருவன் விபத்தில் சிக்கி ஊர்ப்புறத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறான். அவன் உடல் மனித உடல் அன்று என்பதை மருத்துவர்கள் கண்டறிகிறார்கள். இப்போது 1970 ஜனவரியில் வந்த 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' கதையைப் பாருங்கள். டாக்டர் நினைவிழந்து ஊர்ப்புறத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறார். எக்ஸ்ரே படத்தில் இரண்டு இதயங்கள்! பணியிலிருக்கும் மருத்துவர் தம்மை யாரோ கேலி செய்வதாக எண்ணிச் சினக்கிறார். மருத்துவமனைப் பணியாள் தொலைபேசியைத் தேடி ஓடிப் பத்திரிகைக்காரனுக்குச் செய்தி விற்கிறான். 'வார்ட் 10'-க்கு எழுதிய கையும், பத்திரிகை அலுவலகத்தில் செய்தி வாங்கிய கையும் அந்தக் காட்சிகளில் ஒன்றாகத் தெரிகின்றன. தம் பழைய கதையையே எடுத்து ஆண்டார் என்று கடிந்துகொள்பவர்கள் கடிந்துகொள்ளட்டும். பகுதிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுப் பிழைத்த ஒருவர், எவரும் பார்க்காமல் போன சரக்கை மீண்டும் கடைவிரித்ததில் நமக்குக் குற்றம் தெரியவில்லை.

இனி நம் வழக்கு. ரசிகர்களுள் ஒருசாரார் காகிதம் கிடைக்காத இடத்தில் காதை நம்புகிறார்கள். ஹோம்ஸின் கதைகளில் இணைப் பாத்திரங்கள் வரும். ஒருவர் சொல்ல ஒருவர் எதிர்சொல்ல, நாடகக் கொட்டகைக் கோமாளிகளைப்போல நடப்பார்கள். அதிகாரிகளைப் பற்றிய எள்ளலும் உண்டு. பெயர் தெரியாத ஏதோ ஒரு பழைய பகுதியில் இவ்விரண்டும் கேட்டுவிட்டால், 'இது ஹோம்ஸ் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும்' என்று ஒருவர் எழுதுகிறார். அடுத்தவர் படியெடுக்கும்போது 'தான் இருக்க வேண்டும்' உதிர்ந்துவிடுகிறது. நடையை வைத்து ஆளைச் சொல்லும் வித்தையின் விளைவைத் தமிழ் பயின்ற நாம் அறிவோம். வெவ்வேறு நூற்றாண்டுகளின் பாடல்கள் ஔவையார் என்ற ஒரே பெயரின்கீழ் வந்து குவிந்த கதை நம் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லப்படுவதுதானே.

பெயர் இருந்தாலும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு ஹோம்ஸே சாட்சி. அவர் ஸ்கிரிப்ட் எடிட்டராக இருந்தபோது, லூயிஸ் கிரெய்ஃபர் தொடங்கிய 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' (1975) கதையைத் தாமே திரும்ப எழுதினார். திரையில் வந்த பெயர் 'ஸ்டீஃபன் ஹாரிஸ்'. டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய 'தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' (1976) கதையை அவர் பெரிதும் மாற்றவே, டிக்ஸ் சினந்து, சப்பென்ற புனைபெயர் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். 'பிளாண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சப்பென்றது என்றே பொருள். 'ராபின் பிளாண்ட்' என்று போட்டார்கள். இவ்விரண்டும் பெரும் ரசிகர் கூட்டம் கொண்ட ஒரு தொடரில் நிகழ்ந்தமையால் வெளிப்பட்டன. 'நைட் எர்ரண்ட்' ஆசிரியர் மேசையில் அவர் எவ்வளவு திருத்தினார், யார் பெயருக்குள் எவ்வளவு ஹோம்ஸ் இருக்கிறார் என்பதைக் காது கொண்டு எப்படிப் பிரிப்பது?

ஆகவே பட்டியல் செய்வோரிடம் நாம் வேண்டுவது சிறிது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எதனால் அறியப்பட்டது என்று குறியுங்கள்: திரையில் கண்டதா, இதழில் அச்சானதா, ஒப்பந்தத்தில் உள்ளதா, எழுத்தாளர் பிற்காலத்தில் நேர்காணலில் சொன்னதா. ஊகத்தைத் தனிப்பக்கத்தில் வையுங்கள். எறிந்துவிட வேண்டாம், நாளை ஒரு கடிதம் கிடைத்து அது மெய்யாகலாம். பல்கலைக்கழகத்தார் செய்யாத பதிப்புப் பணியை ஊதியமின்றிச் செய்பவர்களிடம் பதிப்பு நெறியையும் கேட்பது சற்று மிகைதான். ஆயினும் 1969-இல் ஹோம்ஸ் எழுதிய 'தி ஸ்பேஸ் பைரேட்ஸ்' கதையின் ஆறு பகுதிகளில் இரண்டாவது மட்டுமே படமாக எஞ்ச, மற்ற ஐந்தையும் இன்று நாம் ஒலியாகவேனும் கேட்க முடிவது, அந்நாளில் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஒலிப்பதிவு செய்து பாதுகாத்த ரசிகர்களால்தான். அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?